இடுப்பு வலியா? வண்டியை விற்காதீர்கள்!

இங்கிலாந்தில் அறுபது வயதைத் தாண்டியும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களை மடக்குவது வேகம் அல்ல, இடுப்பு! மூட்டு தேய்ந்துவிட்டால் காலைத் தூக்கி வண்டிக்கு அந்தப் பக்கம் போட முடியாது. "வண்டியை விற்றுவிடுங்கள்" என்பார்கள் வீட்டில்.

விற்க வேண்டாம். ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

வழி கண்டவர் டாக்டர் ஜான் சார்ன்லி. தேய்ந்த மூட்டில் முதலில் அவர் பொருத்திய டெப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்தன. நோயாளிகளுக்கு மறுபடியும் கத்தி! 1962-ல் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் உலோகக் குண்டும், உறுதியான வேறு பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்தார். அது நிலைத்தது. டெப்லான் தூள் உடலை என்ன செய்யும் என்று தம் தொடையிலேயே வைத்துப் பார்த்தவர் அவர்!

பயந்து தள்ளிப்போட்டால் தொடைச் சதை மெலியும். பிறகு தேறுவது கஷ்டம். ஆபரேஷன் ஆன புதிதில் மூட்டு நழுவக்கூடும். டாக்டர் "சரி" என்ற பிறகே வண்டி. இருக்கை தாழ்ந்த வண்டியானால் ஏறுவது சுலபம்.