ஹைவேயும் வேணும், மண்ரோடும் வேணும்: சேலம், நாமக்கல்லுக்கு எந்த பைக்? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எந்த பைக்கும் சுகமாக ஓடும். மல்லூர், ராசிபுரம் பக்கம் கிளை ரோட்டில் இறங்கி, மரவள்ளிக் காட்டுக்கோ கோழிப்பண்ணைக்கோ திரும்பும்போதுதான் கதை மாறும். தார் முடிந்துவிடும். அதன்பிறகு செம்மண், சரளை, ஏரிக்கரை. மழை பெய்தால் சேறு.

வாரம் முழுக்க ஆபீஸ், சனி, ஞாயிறு தோட்டம் என்று இருப்பவர்கள் டூயல்-ஸ்போர்ட் பைக் பக்கம் திரும்ப இதுதான் காரணம். ஆனால் வாங்கும்போது பலர் மனதில் ஓடுவது லடாக் வீடியோ. நிஜத்தில் ஓட்டப்போவது 40 கி.மீ. தார், 3 கி.மீ. மண். இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுவிட்டால், பைக்கிலும் மாடிஃபிகேஷனிலும் நிறைய பணம் மிச்சமாகும்.

முதலில் எடையைப் பாருங்க

ஷோரூம்ல முதல் கேள்வியே "எத்தனை சி.சி.?" என்பதுதான். மண்ரோட்டில் எடையும் சீட் உயரமும்தான் அதைவிட முக்கியம். ராயல் என்ஃபீல்டு 2023 நவம்பரில் அறிமுகப்படுத்திய ஹிமாலயன் 450-ல் 452 சி.சி., 40 பி.எஸ். பவர் இருக்கிறது. ஹைவேக்கு அருமை. ஆனால் எடை 196 கிலோ. சேற்றில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்குவது சிரமம்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210 சுமார் 170 கிலோ, 24.6 பி.எஸ். காட்டுப்பாதையில் சமாளிப்பது எளிது. ஹைவேயில் 100-ஐத் தாண்டி நெடுநேரம் ஓட்ட நினைப்பவர்களுக்குப் பவர் போதாமல் தோன்றலாம்.

உயரமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 270 மி.மீ. கல்லும் மேடும் தாண்ட அது உதவும். ஆனால் சீட் உயரம் 891 மி.மீ. ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றாது. சாதாரண மண்பாதைக்கு 200 முதல் 220 மி.மீ. கிளியரன்ஸே தாராளம்.

வீல் சொல்லும் ரகசியம்

முன் வீல் 21 அங்குலம், ஸ்போக் என்றால் அந்த பைக் மண்ணை மனதில் வைத்துச் செய்தது. பெரிய வீல் குழியில் விழாமல் உருண்டு ஏறும். ஸ்போக் அடியை வாங்கிக்கொள்ளும். எக்ஸ்பல்ஸும் ஹிமாலயனும் இந்த வகை. சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், டிவிஎஸ் 2025 அக்டோபரில் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 ஆகியவற்றில் முன்னால் 19, பின்னால் 17 அங்குல அலாய் வீல். ரோட்டில்தான் பெரும்பாலும் ஓட்டுவேன், அவ்வப்போது மண் என்பவர்களுக்கு இவை பொருந்தும்.

நம்ம ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு: சீமைக்கருவேல முள். ட்யூப் டயரில் முள் ஏறினால் காற்று சீக்கிரம் இறங்கிவிடும், வீலைக் கழற்றித்தான் பஞ்சர் ஒட்ட வேண்டும். ட்யூப்லெஸ் என்றால் கழற்றாமலே அடைத்துவிடலாம். ட்யூப் டயர் பைக் வைத்திருப்பவர்கள் 21 அங்குல ட்யூப் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. கிராமத்துப் பஞ்சர் கடையில் அந்த அளவு கிடைப்பது நிச்சயமில்லை. அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின் வீலிலும் போட்டு வீடு வந்து சேரலாம்.

வரியையும் கணக்கில் சேருங்க

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40%. கூடுதல் சி.சி. நிஜமாகவே தேவையா என்று யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

மாடிஃபிகேஷன்: எந்த வரிசையில்?

*காசில்லாத மாற்றங்கள்:* ஹேண்டில்பார், லீவர் கோணத்தை உங்கள் உயரத்துக்கு ஏற்ப வையுங்கள். பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடை உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றுங்கள். மண்ணில் இறங்கும்போது டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். ஆனால் ட்யூப் டயரில் ரொம்பக் குறைத்தால் கல்லில் அடிபட்டு ட்யூப் கிழியும். ஹைவே ஏறும் முன் மறக்காமல் காற்று நிரப்ப வேண்டும்.

*டயர்:* முதல் செலவு இதில் இருக்கட்டும். பெரிய கட்டைகள் கொண்ட ஆஃப்-ரோடு டயர் பார்க்க கெத்தாக இருக்கும். ஈரமான தாரில் வழுக்கும், சீக்கிரம் தேயும். ரோடு, மண் இரண்டுக்கும் பொதுவான டயரே போதும். அளவும் எடை தாங்கும் குறியீடும் கம்பெனி சொன்னபடி இருக்க வேண்டும்.

*பாதுகாப்பு:* இன்ஜினுக்கு அடியில் பேஷ் பிளேட், கைக்கு ஹேண்ட் கார்டு. கம்பெனியே விற்கும் ஆக்சஸரீஸ் என்றால் பொருத்தமும் சரியாக இருக்கும்.

*ஸ்ப்ராக்கெட்:* முன்னால் 13 பல்லுக்குப் பதில் 12 போட்டால் மண்ணில் இழுவை கூடும். ஆனால் ஹைவேயில் அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 8% அதிகமாகச் சுற்றும். 40 கி.மீ. தார் ஓட்டுபவருக்கு இது லாபமா என்று யோசிக்க வேண்டும்.

*ஏபிஎஸ்:* தளர்ந்த மண்ணில் பின் வீல் ஏபிஎஸ் இயங்கினால் பைக் நிற்க அதிக தூரம் எடுக்கும். அதனால்தான் சில மாடல்களில் அதை அணைக்கும் வசதி இருக்கிறது. தாருக்குத் திரும்பியதும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எதைத் தொடக்கூடாது?

நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. "சேஸில ஒரு கேரியர் வச்சு வெல்ட் பண்ணிடலாம்ணா" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் ஃப்ரேம் பலமிழந்து, அதிர்வில் விரிசல் விடலாம். போல்ட் போட்டு மாட்டும் கேரியரே பாதுகாப்பு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 182ஏ(4) பிரிவின் கீழ், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். சத்தம் போடும் சைலன்சர் தனிக் கணக்கு: 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர், நிறம் மூன்றையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஓனர் செய்த மாற்றத்துக்கும் சோதனையில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்க்காத ஆக்சஸரீஸ் உடைந்தால் க்ளெய்மும் கிடைக்காது.

புது பைக் என்றால் கம்பெனி கொடுத்தபடியே முதல் 1,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் வழுக்குகிறது, எங்கே இடிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதை மட்டும் மாற்றினால் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட், கணுக்கால் மூடும் பூட்ஸ், முட்டிக்கு கார்டு வாங்குங்கள். மண்ரோட்டில் விழாமல் கற்றுக்கொண்டவர் யாருமில்லை.