மருந்துக் கிடங்கில் நெருப்பும், அதை அணைத்த ஜலத்தின் போக்கும்

பயிர்ப் பூச்சி மருந்துகள் சிறிதும் இல்லாத பண்ணை வீட்டை இக்காலத்தில் காண்பது அரிது. அவற்றைத் தெளிக்கும் முறையைப் பற்றியும், அளவைப் பற்றியும் இப்பத்திரிகையில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அவை வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் நெருப்புப் பற்றினால் குடியானவரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கது யாது என்பதே இங்கே விஷயம். இதற்குத் தக்க திருஷ்டாந்தம் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் 1986ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாகும்.

அத்தேசத்தில் ரைன் நதிக்கரையிலுள்ள பாஸல் நகரத்தை அடுத்து ஷ்வைட்ஸர்ஹாலே என்ற தொழிற்சாலைப் பகுதி இருக்கிறது. அங்கே ஸாண்டோஸ் கம்பெனியாருக்குச் சொந்தமான ஒரு கிடங்கில் சுமார் 1,350 டன் ரசாயனச் சரக்குகள் அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பகுதி பயிர் மருந்துகளே. அசுவினி முதலிய சாறு உறிஞ்சும் பூச்சிகளைக் கொல்லும் டைஸல்பொட்டான், தயோமெட்டான் என்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளும், விதை நேர்த்திக்கு உதவும் பாதரஸ மருந்தும் அவற்றுள் அடங்கும். இக்கிடங்கு ஆதியில் யந்திரங்களை வைப்பதற்காகக் கட்டப்பட்டது. நெருப்புப் பற்றினால் தானே ஜலம் தெளிக்கும் குழாய்கள் அதில் இல்லை. ஊற்றிய ஜலம் வெளியே ஓடாமல் தேக்கிவைக்கும் தொட்டியும் இல்லை. இவ்விரண்டாவது குறையே பின்னர் பெருங்கேட்டிற்குக் காரணமாயிற்று.

நவம்பர் மாதம் 1ஆம் தேதி, சனிக்கிழமை, நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்தில் கூரைவழியே தீ எழுந்தது. நீலச்சாயப் பொடி மூட்டைகளின்மீது பிளாஸ்டிக் உறையைச் சூடேற்றி இறுக்கிக் கட்டியபோது அப்பொடியில் கனல் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் புகையின்றிக் கனன்றிருக்க வேண்டுமென்பது விசாரணை செய்தவர்களின் ஊகம். உமிக் குவியலில் மறைந்து கிடக்கும் நெருப்பை அறிந்த நம் குடியானவர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து முதலில் நுரையைப் பாய்ச்சிப் பார்த்தனர். அது பலிக்கவில்லை. பீப்பாய்கள் வெடித்து மேலே பறந்தன. அடுத்த கட்டிடங்களுக்குத் தீ தாவினால் கேடு பன்மடங்காகும் என்று கண்டு, அளவின்றி ஜலத்தையே பொழிந்தார்கள். விடியற்காலை சுமார் ஐந்து மணிக்குள் நெருப்பு அடங்கிவிட்டது. படையினரின் தீரத்தில் குறை கூற இடமில்லை.

ஸ்தல அதிகாரிகள் செய்தது என்ன? கந்தகம் கலந்த அழுகல் நாற்றத்துடன் புகை ஊர்களின்மீது கவிந்தது. நாலு மணிக்குச் சிறிது முன்னதாக அபாயச் சங்குகள் ஊதப்பட்டன. ஒலிபெருக்கி வைத்த வண்டிகளின் மூலமும் ரேடியோ மூலமும், யாவரும் வீட்டிற்குள்ளேயே இருந்து கதவு ஜன்னல்களை அடைத்துக்கொள்ளும்படி அறிவித்தார்கள். இது சரியான முறை. புகை பரவியிருக்கும்போது ஜனங்களைத் தெருவிலே திரட்டி ஓடச் செய்வதைவிட, வீட்டிற்குள் நிறுத்துவது பெரும்பாலும் நலம். சங்கின் ஒலி அபாயம் உண்டு என்று மாத்திரம் தெரிவிக்கும். செய்யவேண்டியதை வாயால்தான் சொல்லவேண்டும். காலை ஏழு மணிக்கு அபாயம் நீங்கியதாக அறிவிப்பு வெளிவந்தது.

ஆனால் அந்நேரத்தில் அபாயம் நீங்கவில்லை, இடம் மாறியிருந்தது. நெருப்பின்மேல் ஊற்றிய ஜலம் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி லிட்டர் வரை இருக்கும். அது வெடித்த பீப்பாய்களிலிருந்த மருந்துகளைக் கரைத்துக்கொண்டு, சாக்கடைகளின் வழியே ரைன் நதியில் இறங்கியது. ஒரு பகுதி பூமிக்குள்ளும் ஊறியது. நதி சிவப்பாக ஓடிற்று. அந்நிறத்திற்குக் காரணம் சரக்குகளோடு இருந்த ரோடமைன் என்ற சாயம். (2024ஆம் ஆண்டில் நம் நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வரக் காரணமாயிருந்ததும் இச்சாயமே.) சாயம் கண்ணுக்குத் தெரிந்தது; கொல்லும் மருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அடிச் சேற்றில் வாழும் விலாங்கு மீன்கள் கீழ்நோக்கிச் சுமார் 400 கிலோமீட்டர் தூரம் வரை மாண்டன. செத்த விலாங்குகள் மாத்திரம் ஏறக்குறைய ஒன்றரை லக்ஷம் என்று கணக்கிட்டார்கள்.

ரைன் நதி ஸ்விட்ஸர்லாந்தோடு நிற்பதன்று. பிரான்ஸ், ஜெர்மனி தேசங்களைத் தொட்டு, ஹாலந்து வழியாகக் கடலில் கலக்கிறது. கரையோர நகரங்கள் பல அதன் ஜலத்தையே சுத்தி செய்து குடிக்கின்றன. அவை தங்கள் மதகுகளை அடைக்க நேர்ந்தது. மேலேயுள்ளவர்கள் தக்க காலத்தில் எச்சரிக்கவில்லை என்பது கீழேயுள்ளவர்களின் பலத்த புகார். எனக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது. ஊரிலுள்ள ஜனங்களுக்குச் சங்கு ஊதிய அதிகாரிகள், வாய்க்கால் எங்கே போகிறதென்று அதே நேரத்தில் எண்ணியிருக்க வேண்டும். மேல்மடைக்காரன் செய்வது கடைமடைக்காரனைத் தாக்கும் என்பதை ஏரிப் பாசனம் செய்யும் நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுமா?

இதற்கு நேர்மாறான ஒரு முடிவு மறு வருஷமே அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி, ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் ஒரு பெரிய பெயிண்ட் கிடங்கு தீப்பற்றிற்று. அந்நகரின் குடிஜலக் கிணறுகளுக்கு ஊற்றாயுள்ள மணற்படுகையின் மேலேயே அக்கிடங்கு நின்றது. ஜலத்தை ஊற்றினால் பெயிண்டு கரைந்து படுகையில் இறங்கும் என்பதைத் தெரிந்துகொண்ட நகராட்சியார், தீயணைப்புப் படையைப் பின்வாங்கச் செய்து, கிடங்கு தானாகவே எரிந்து தீரும்படி விட்டுவிட்டார்கள். நெருப்பைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பதற்கு மிகுந்த மனத்திடம் வேண்டும். கட்டிடம் போயிற்று, கிணறுகள் பிழைத்தன. கிணற்றுப் பரப்பின்மீது இத்தகைய சரக்குகளை வைப்பதைக் கட்டுப்படுத்தி 1988ஆம் ஆண்டில் அந்நகரத்தார் சட்டமும் செய்தார்கள்.

எரிய விடுவதே எப்போதும் சரி என்று நான் கூறவில்லை. புகையிலும் விஷம் உண்டு. அருகில் குடியிருப்பு இருந்தால் கணக்கு மாறும். பாஸலில் நெருப்பு அடுத்த கட்டிடங்களுக்குத் தாவாமல் தடுத்ததும் அந்த ஜலமே.

என் அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் உத்தியோகத்தில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, ஒரு கிராமத்தில் வைக்கோலும் மருந்து டின்களும் ஒன்றாகக் கிடந்த கொட்டகை தீப்பற்றியது. குடங்களைக் கொண்டுவாருங்கள் என்று முதலில் கூவியவன் நான்தான். ஊரார் வரிசையாக நின்று ஊற்றினார்கள். வெண்மையாய் நுரைத்த ஜலம் சரிவிலே ஓடி இறவைக் கிணற்றில் விழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் கிணற்றில் தவளைகளும் மீன்களும் மல்லாந்து மிதந்தன. மாடுகளை அங்கே ஓட்டிவராமல் ஒரு கிழவி தடுத்தாள். டிப்ளமோ பெற்ற எனக்கு அது தோன்றவில்லை. நாலு பேர் மண்வெட்டி எடுத்துக் கொட்டகைக்குக் கீழ்ப்புறம் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புப் போட்டிருந்தால் கிணறு தப்பியிருக்கும்.

ஆகவே நெருப்புக் கண்ட இடத்தில் குடத்திற்கு முன் மண்வெட்டி புறப்பட வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்பும்போது, உள்ளே இருப்பது மருந்து என்பதையும், தெரிந்தவரை அதன் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இதற்காக மருந்துகளின் ஜாபிதா ஒன்றை, கிடங்குக்குள் வைக்காமல் (உள்ளே வைத்தால் அதுவும் எரிந்துபோகும்), வேறிடத்தில் வைப்பது அவசியம். கிராம அதிகாரிகள் ஒரு பிரதி வாங்கிவைத்துக்கொள்வது நன்று. காற்று அடிக்கும் திசையிலுள்ள வீட்டாரைக் கதவடைக்கச் செய்து, கால்நடைகளை எதிர்ப்புறம் ஓட்டவேண்டும். கீழ் ஊர்க்காரர்களுக்கு உடனே ஆளனுப்ப வேண்டும்.

பாஸல் நெருப்புக்குப் பின், ரைன் நதித் தேசங்கள் 1987ஆம் ஆண்டில் ஒன்றுகூடி நதியைச் சீர்திருத்த ஒரு திட்டம் வகுத்தன. கிடங்குகளுக்குத் தேக்கத் தொட்டிகள் கட்டப்பட்டன. ஸ்விட்ஸர்லாந்தில் 1991ஆம் ஆண்டில் பெருவிபத்துத் தடுப்பு விதிகள் அமலுக்கு வந்தன. நம் அளவிற்கு அத்தகைய தொட்டி வேண்டியதில்லை. மருந்து வைக்கும் அறையின் வாசற்படியை ஒரு சாண் உயர்த்திச் சிமிட்டி பூசினால், சிந்தியதும் ஊற்றியதும் பெரும்பாலும் அறைக்குள்ளேயே நிற்கும். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. உரம், வைக்கோல், விதை ஆகியவற்றை அவ்வறையில் வைக்கலாகாது. நெருப்பு அணைந்தபின் கிடக்கும் சாம்பலையும் டின்களையும் குப்பைக் குழியிலோ வாய்க்காலிலோ தள்ளாமல், மழை படாமல் மூடிவைத்து, விவசாய இலாகா உத்தியோகஸ்தருக்குத் தெரிவிக்கவும்.