வாழையடி வாழை: விதை இல்லாத வம்சத்தின் கதை

டார்வினைக் குழப்பிய கேள்விகளுக்கான விடைகள் பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களின் வாழைத் தோப்புகளில் குலை தள்ளி நிற்கின்றன. அந்த விடைகளில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்தால் மாநிலம் மாறுகிறது, வாழை மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மற்ற ஊர்களில் நேந்திரன் என்று அழைக்கப்படும் வாழை மட்டும் கோட்டின் இரு பக்கமும் ஏத்தனாகவே இருக்கிறது. ஓணம் நெருங்கினால் அது எந்த மாநிலத்துக் குலை என்று யாரும் கேட்பதில்லை. சிப்ஸுக்குத் தேறுமா என்பதே கேள்வி.

ஆனால் எல்லா வாழைக்கும் பெயர் விஷயத்தில் இந்த ஒற்றுமை இல்லை. திருச்சிக் கடையில் பூவன் என்று விற்கும் பழத்தைக் கேரளத்தில் பாளையங்கோடன் என்பார்கள். கேரளத்தில் பூவன் கேட்டால் வருவது தமிழ்நாட்டின் ரஸ்தாளி. தமிழ்நாட்டுச் செவ்வாழை, குமரி மாவட்டத்தில் செந்துளுவன். எது எதற்கு உறவு? எது எதிலிருந்து பிரிந்தது? சந்தைக்காரர்களைப் போலவே விஞ்ஞானிகளும் இருநூறு வருடங்களுக்கு மேல் இதில் தடுமாறினார்கள்.

தொடங்கி வைத்தவர் லின்னேயஸ். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய அந்த ஸ்வீடன்காரர், 1736ல் ஹாலந்தில் ஒரு செல்வந்தரின் கண்ணாடிக் குடிலில் வாழையைப் பூக்க வைத்துத் தனிப் புத்தகமே எழுதினார். பிறகு சமையல் வாழைக்கு மூசா பாரடிசியாகா என்றும், பழ வாழைக்கு மூசா சேப்பியண்டம் என்றும் பெயர் வைத்தார். இரண்டும் தனித்தனி இனங்கள், படைப்பின்போதே பிரிந்தவை என்பது அவர் காலத்து நம்பிக்கை. முதலாவது நம் ஏத்தன் சேர்ந்த குழுவின் வாழை. இரண்டாவது ரஸ்தாளி வகை. இரண்டுமே இனங்கள் அல்ல, ஒரே ஜோடிப் பெற்றோரின் கலப்பு வாரிசுகள் என்று தெரியவர 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முதலில் பரிணாமமும் பிறகு மரபியலும் பிறக்க வேண்டியிருந்தது.

டார்வினின் தார்

1859ல் டார்வின் சொன்னது எளிமையானது. ஒரே இனத்துக்குள் உயிர்கள் சிறிது சிறிதாக வேறுபடுகின்றன. சூழலுக்குப் பொருந்துபவை அதிகம் பிழைத்து அதிகம் பெருகுகின்றன. தலைமுறைகள் கடக்கும்போது இனமே மாறுகிறது. ஆனால் அந்த வேறுபாடு எங்கிருந்து முளைக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. 1868ல் வெளியான, வளர்ப்புப் பிராணிகள் மற்றும் பயிர்கள் பற்றிய நூலில் அவர் தேடித் தேடி உதாரணங்களைக் குவித்தார். அதில் வாழையும் உண்டு. சாண்டோ டொமிங்கோவில் ஒருவர் பார்த்த விசித்திரத் தார் அது. அடிப்பகுதியில் அந்த ரகத்துக்கே உரிய 125 காய்கள், அதே தாரில் அப்புறம் முற்றிலும் வேறு தோற்றத்தில் 420 காய்கள்.

விதை இல்லை, மகரந்தச் சேர்க்கை இல்லை, பெற்றோர் கலக்கவில்லை. ஒரே செடிக்குள் எப்படி இந்த மாற்றம்? செவ்வாழை பயிரிடும் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. சிவப்புக் குலை தள்ள வேண்டிய வாழை எப்போதாவது பச்சைக் காயோடு வந்து நிற்கும். டார்வின் இதை மொட்டு வேறுபாடு என்றார். காரணமாக அவர் முன்வைத்த கோட்பாடு (உடலின் எல்லா உறுப்புகளும் நுண்துகள்களை அனுப்பி வாரிசை உருவாக்குகின்றன என்பது) நிற்கவில்லை.

சரியான விடையின் முதல் பாதி அப்போதே அச்சாகியிருந்தது. ப்ருன் நகரத்து மடத்துத் துறவி மெண்டல், 1865ல் பட்டாணிச் செடிகளைப் பற்றி இரண்டு உரைகள் நிகழ்த்தி, மறுவருடம் வெளியிட்டார். குணங்கள் பாலும் நீரும் போலக் கலப்பதில்லை, தனித்தனி அலகுகளாகத் தலைமுறை தாண்டுகின்றன என்பதே சாரம். யாரும் கவனிக்கவில்லை. 1900ல் ஹியூகோ டி ஃப்ரீஸும் கார்ல் காரன்ஸும் மீண்டும் கண்டெடுத்தார்கள். அந்த அலகுகளில் திடீரென நேரும் மாற்றத்துக்கு டி ஃப்ரீஸ் பிரபலப்படுத்திய பெயர்தான் மியூட்டேஷன். சாண்டோ டொமிங்கோ தாருக்கும் செவ்வாழையின் பச்சைக் குலைக்கும் அதுதான் விளக்கம்.

மெண்டல் பட்டாணிக்குப் பதில் வாழையை எடுத்திருந்தால் தோற்றிருப்பார். பட்டாணிக்கு விதை உண்டு, எண்ணலாம். ஏத்தனில் எண்ண என்ன இருக்கிறது? கிழங்கிலிருந்து கன்று, கன்றிலிருந்து குலை, மறுபடி கன்று.

மூன்றால் வந்த வினை

அந்த மலட்டுத்தன்மையின் ரகசியம் குரோமோசோம் கணக்கில் இருந்தது. மெண்டலின் அலகுகள் குரோமோசோம்களில்தான் இருக்கின்றன என்பது 1902-03ல் வால்டர் சட்டன், தியோடர் போவேரி ஆய்வுகளால் துலங்கியது. நெய்யாற்றின்கரைக்கு அருகிலேயே இந்தத் துறையின் பெரிய பெயர் ஒன்று பாடம் நடத்தியது. தலச்சேரியில் 1897ல் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கி வந்து, 1930களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் கற்பித்தார். அடுத்து கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் போனார். சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் 1945ல் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் அட்டவணை, குரோமோசோம் தொகுதிகள் இரண்டு மூன்றாகப் பெருகுவதே பல பயிர்களின் வரலாறு என்று காட்டியது.

வாழையும் அப்படித்தான். காட்டு வாழைக்கு 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் இரண்டு, மொத்தம் 22. இனப்பெருக்க அணு உருவாகும்போது அது சரிபாதியாகப் பிரிகிறது. எப்போதோ ஒரு செடி பிரிக்க மறந்து 22ஐயும் அப்படியே கொடுக்க, இன்னொன்று ஒழுங்காக 11 கொடுக்க, 33 குரோமோசோம்களுடன் ஒரு வாரிசு பிறந்தது. மூன்று தொகுதியை இரண்டு சம பங்காகப் பிரிக்க முடியாது. அதனால் விதையும் கிடையாது. மகரந்தம் சேராமலே காய் பருக்கும் குணமும் கூடவே இருந்ததால் மனிதனுக்கு அது வரம். இரண்டே தொகுதி கொண்ட குமரி மாவட்டத்து மட்டி விதையின்றிக் காய்ப்பதற்கும் இந்தக் குணமே முக்கியக் காரணம்.

டிரினிடாடில் பணிபுரிந்த ஈ. ஈ. சீஸ்மன் 1948ல் முடிச்சை அவிழ்த்தார். லின்னேயஸின் இரண்டு 'இனங்களும்' மூசா அக்யூமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளின் கலப்பு. 1955ல் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் ஒவ்வொரு ரகத்திலும் யார் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். இலைக்காம்பின் பள்ளம் திறந்திருக்கிறதா, பூமடல் சுருள்கிறதா, தண்டில் கருந்திட்டு உண்டா என 15 அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மைக்ராஸ்கோப் கூட வேண்டாம். தோப்பில் நின்றே போடலாம்.

அந்தக் கணக்கில் முதல் பெற்றோர் ஏ, இரண்டாவது பி. மட்டி ஏஏ. செவ்வாழை ஏஏஏ. கேரளத்து ஞாலிப்பூவன் ஏபி. ஏத்தனும் ரஸ்தாளியும் தமிழ்நாட்டுப் பூவனும் ஏஏபி. மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. சந்தைப் பெயர்களின் குழப்பம் இரண்டு எழுத்தில் அடங்கிற்று. 2012ல் அக்யூமினேட்டாவின் மரபணு வரைபடமும், 2019ல் பால்பிசியானாவின் வரைபடமும் வெளியாகி, கண்ணால் போட்ட கணக்கை டி.என்.ஏ.விலேயே சரிபார்க்க வழி செய்தன.

ஓடாமல் நிற்கும் பந்தயம்

'வாழையடி வாழையாக' என்பது வாழ்த்து. மரபியல் அறிந்தவருக்கு அதுவே கவலை. கன்று தாயின் பிரதி. பாலினச் சேர்க்கை என்ற சீட்டுக்குலுக்கல் இல்லாததால் புதிய சேர்க்கைகள் பிறப்பதில்லை. நோய்க்கிருமியோ ஒவ்வொரு பருவத்திலும் மாறிக்கொண்டே இருக்கிறது. டார்வின் சொன்ன போட்டியில் ஒரு பக்கம் ஓடுகிறது, மறுபக்கம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

விளைவு உலகம் பார்த்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கத்திய நாடுகள் சாப்பிட்ட க்ரோ மிஷேல் ரகத்தைப் பனாமா வாடல் நோய் 1950, 60களுக்குள் வணிகத்திலிருந்தே விரட்டியது. இடத்தைப் பிடித்த கேவண்டிஷையும் அதே பூஞ்சையின் புதிய வடிவமான டி.ஆர்.4 தாக்குகிறது. 2010களில் அது பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டது. தென்னாட்டிலும் பாடம் உண்டு. 1970களில் 18,000 ஹெக்டேர் அளவில் இருந்த சிறுமலை, பழனி மலைகளின் விருப்பாட்சி, முடிக்கொத்து நோயால் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. பனாமா வாடலுக்கு ரஸ்தாளி எளிதில் பலியாகிறது. அதே நோயைத் தமிழ்நாட்டுப் பூவன் பெரிதும் தாங்குகிறது. இரண்டும் ஏஏபிதான், ஆனால் வெவ்வேறு கலப்பில் பிறந்தவை. அந்த வித்தியாசத்தில்தான் நாளைய ரகம் இருக்கிறது.

அதனால்தான் ரகங்களைச் சேர்த்து வைப்பது பொழுதுபோக்கல்ல. 1993ல் தொடங்கிய திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், திருச்சூர் அருகே கண்ணாறா ஆராய்ச்சி நிலையமும் செய்யும் வேலை அது. பெல்ஜியத்தின் லுவேனில் 1,500க்கும் மேற்பட்ட வாழை மாதிரிகள் சோதனைக் குழாய்களில் உயிரோடு காக்கப்படுகின்றன. பாறசாலையில் ஒரு விவசாயி நாடெங்கும் அலைந்து 400க்கும் மேற்பட்ட ரகங்களைத் தன் நிலத்தில் திரட்டியது பத்திரிகைகளில் பேசப்பட்டது. மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு விலையைக் காப்பாற்றலாம். வாழையைக் காப்பாற்றுவது அதை நடுகிறவர்தான். திசு வளர்ப்புக் கன்றுகள் நோயின்றி, ஒரே சீராக வருகின்றன. ஆனால் சந்தை கேட்கும் இரண்டு மூன்று ரகங்களை மட்டுமே நட்டால், நோய் வரும்போது ஒரே சீராகவே போகும். விதையுள்ள பயிரில் புதுச் சேர்க்கைகளை இயற்கையே உண்டாக்கிக் கொடுக்கிறது. வாழையில் அந்த வேலை மனிதன் தலையில் விழுந்திருக்கிறது. எல்லைக் கிராமத்து வீடுகளின் கிணற்றடியில், விலை போகாது என்று தெரிந்தும் வெட்டாமல் விட்ட ஒரு மூடு மட்டியோ பேர் தெரியாத வாழையோ இருக்குமானால், அடுத்த நோய்க்கான விடை அதன் கிழங்கில் இருக்கலாம்.