வேகத்துக்கு முன் கடிவாளம்

மிதிவண்டிக்குச் சிறு மோட்டார் பொருத்தும் ஆசை நம் இளைஞரிடையே மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. எஞ்சின், செயின், பற்சக்கரம் அனைத்தும் ஒரே பெட்டியில் விலைக்குக் கிடைக்கின்றன. திண்ணையோரம் சாத்திவைத்த தாத்தாவின் பழைய வண்டியும் இருக்கிறது. பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் மகன் தந்தையிடம் அனுமதி கேட்கிறான். தந்தை என்ன விடை கூறுவது? இது சிறு வினாவன்று. ஒரு பிள்ளையின் உயிரோடு தொடர்புடைய வினா. ஆதலின் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

தேவை பெற்றெடுத்த பிள்ளை

இவ்வாசை புதியதன்று. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஷ்வின் நிறுவனம் தடித்த டயரும் கனத்த சட்டமும் உடைய மிதிவண்டியை வெளியிட்டது. பிற்காலத்தில் ‘க்ரூசர்’ என்று பெயர் பெற்ற வண்டிகளின் முன்னோடி இதுவே. அவ்வகை வண்டிகளில் கைப்பிடி பிரேக் பெரும்பாலும் இராது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். 1939இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விமான உறுப்புகள் செய்த ஒரு நிறுவனம் இத்தகைய வண்டிகளில் பூட்டுவதற்கென ‘விஸ்ஸர்’ என்னும் சிறு எஞ்சினை உருவாக்கியது.

நம் சைக்கிள்களில் டைனமோ டயரோடு உராய்ந்து சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். முதல் விஸ்ஸர் அதற்கு நேர்மாறானது. அங்கே சக்கரம் டைனமோவைச் சுழற்றும்; இங்கே எஞ்சினின் உருளை சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். எனவே பின்னர் பெல்ட் மூலம் விசை செலுத்தும் முறை வந்தது. உலகப் போரின்போது, 1942இல், பாதுகாப்புத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளருக்கு மட்டும் இது விற்கப்பட்டது.

போருக்குப் பின் ஜப்பானிலும் இதே கதைதான். 1946இல் ஹமமட்சு நகரில் சொய்ச்சிரோ ஹோண்டா, இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்துவந்த சிறு எஞ்சின்களைக் கண்டார். அவற்றுள் ஒன்றை மிதிவண்டியில் பொருத்தினார். எண்ணெய்க் கலமாக வெந்நீர்ப் புட்டியைப் பயன்படுத்தினார். அதனை ஓட்டிப் பார்த்தவர் அவர் மனைவி சாச்சி அம்மையார். வீடு திரும்பியபோது அவர் ஆடையெல்லாம் எண்ணெய்க் கறை. இவ்வண்டி உதவாது என்று கணவரிடம் அவர் வெளிப்படையாகவே கூறினார். ஹோண்டாவும் அதை ஏற்றுக் குறையை நீக்கினார். இல்லத்தாரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியே.

கூட்டியதும் கூட்டாததும்

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. மோட்டார் பொருத்துகிறவன் வண்டிக்கு விசையைக் கூட்டுகிறான்; நிறுத்தும் ஆற்றலைக் கூட்டுவதில்லை. பழைய சைக்கிள் மனிதக் காலின் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 30 கிலோமீட்டர் வேகம் பெற்றால், அதை நிறுத்தத் தணிக்க வேண்டிய ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. 45 ஆனால் ஒன்பது மடங்கு. பிரேக் கட்டையோ பழையதுதான்!

இதற்குச் சான்று கலிபோர்னியாவில் உண்டு. 1970களில் மாரின் வட்டாரத்து இளைஞர் பழைய க்ரூசர் வண்டிகளில் மலைச் சரிவுகளில் விரைந்து இறங்கினர். பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுமுறை இறங்குமுன் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976இல் அங்குத் தொடங்கிய பந்தயத்துக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மீண்டும் அடைத்தல்’, என்ற பெயர் நிலைத்தது. மேலும், அவ்வகை பிரேக் செயினை நம்பியது. செயின் கழன்றால் பிரேக்கும் இல்லை. வண்டி நிற்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால், வலுவான முன்சக்கர பிரேக் இன்றியமையாதது.

ஆகவே வரிசை இதுவாகட்டும். முதலில் இரு சக்கரங்களுக்கும் நல்ல பிரேக். அடுத்து, சட்டத்திலும் முன் போர்க்கிலும் துருவோ விரிசலோ உண்டா என்ற சோதனை. பின்பு சக்கரங்களின் கோட்டம் எடுத்தல். ஏனெனில் இன்றைய எஞ்சின்களுள் பலவற்றின் பற்சக்கரம் ஸ்போக்ஸ் கம்பிகளோடு இறுக்கப்படுகிறது. எஞ்சினின் இழுப்பு முழுவதையும் அக்கம்பிகளே தாங்குகின்றன. இத்தனையும் முடிந்த பிறகே மோட்டார்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 25 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டிய இருசக்கர வண்டி, சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே. பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். மின்மோட்டாராயின், 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய அங்கீகரிக்கப்பட்ட வண்டிகளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனக் குற்றம் புரிந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். ‘பையன்தானே’ என்று கண்மூடியிருக்கும் பாசம் பாசமாகாது.

நாசரேத்தூர்ப் பட்டறை

அப்படியானால் மகனின் ஆசையை அதட்டி அடக்கிவிடலாமா? அதுவும் முறையன்று. கைவினையில் நாட்டம் கொண்ட பிள்ளை வீட்டுக்குக் கிடைத்த செல்வம். அதட்டப்பட்ட ஆர்வம் மறைந்துபோவதில்லை. தந்தையின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குச் சென்றுவிடும். பிரேக் பார்க்கச் சொல்லும் பெரியவர் அங்கே இருக்கமாட்டார்.

நாசரேத்தூரில் புனித சூசையப்பரின் தச்சுப் பட்டறையை எண்ணிப் பாருங்கள். உலகை மீட்க வந்தவர் உளி பிடிக்கக் கற்றது ஒரு தந்தையின் அருகில் நின்றே. நீங்களும் ஒரு ஞாயிறு மாலை மகனோடு அந்தப் பழைய வண்டியின் அருகே அமருங்கள். செயினைக் கழற்றுங்கள், பிரேக்கைச் சோதியுங்கள், சட்டம் கூறுவதையும் சேர்ந்தே படியுங்கள். அவ்வண்டி மோட்டாருக்குத் தகாது என்று தெரிந்தால், அம்முடிவு உங்கள் கட்டளையாக வாராமல் அவன் கண்டறிந்த உண்மையாகவே வரும்.

பெரிய குதிரையையும் வழிநடத்துவது அதன் வாயிலுள்ள சிறு கடிவாளமே என்பதை நாவடக்கத்துக்கு உவமையாகக் காட்டினார் புனித யாகப்பர். இளமையின் விசை இறைவன் தந்த கொடை. அதைக் குறைக்க நாம் முயல வேண்டா. கடிவாளம் பிடிக்கும் கலையை மட்டும் அருகிலிருந்து கற்பிப்போம்.