இரவுப் பந்தயத்தில் மயக்கம்: ஃபார்முலா 1-ல் 'வெப்ப அபாயம்' ஏன் விதியானது?

2023 அக்டோபர் 8, கத்தாரின் லுசைல் சர்க்யூட். பந்தயம் நடந்தது இரவில், மின்விளக்கு வெளிச்சத்தில். வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் எஸ்தபான் ஒகோன் 15-வது சுற்றுவாக்கில் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். அப்படியே ஓட்டி 7-வது இடத்தில் முடித்தார். லோகன் சார்ஜென்ட் பாதியில் விலகினார். அலெக்ஸ் ஆல்பன் மருத்துவ மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வேகமான வளைவுகளில் கண் இருட்டியதாக லான்ஸ் ஸ்ட்ரோல் சொன்னார்.

இதை ஒரு கணக்காகப் பாருங்கள். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 83 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவருக்கு அரை விநாடி கண் இருட்டினாலும், 40 மீட்டருக்கு அந்த காரை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

வெயிலே இல்லாதபோது எப்படி?

பிரச்னை வெயில் இல்லை, புழுக்கம். நம் உடம்பு சூட்டைக் குறைக்க வைத்திருக்கும் முக்கியமான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஆவியானால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு குறையாது. மே மாத ராத்திரியில் கரன்ட் போன சென்னை வீட்டில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல், தீப்பிடிக்காத துணியில் பல அடுக்கு உடை, முகமூடி, கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் இன்ஜின், சுற்றிலும் சூடாகும் மின்னணுப் பெட்டிகள். காக்பிட் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவது உண்டு. குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் சிறிது நேரத்திலேயே டீ மாதிரி ஆகிவிடும் என்பது ஓட்டுநர்களின் பழைய புலம்பல். வெப்பமான பந்தயத்தில் ஒருவர் 3 கிலோ வரை எடை இழக்கிறார். 70 கிலோ ஆளுக்கு அது உடல் எடையில் 4 சதவீதத்துக்கும் மேல். 2 சதவீதம் நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்கும்.

கத்தாரில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. டிராக் ஓரத்துத் திட்டுகளில் ஏறி இறங்கி டயர்கள் சேதமாவது தெரியவந்ததால், ஒரு செட் டயரில் 18 சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று பாதுகாப்புக்காக வரம்பு வைத்தார்கள். பந்தயம் 57 சுற்று. வழக்கமாக டயரைக் காப்பாற்ற ஓட்டுநர்கள் வேகத்தைக் கொஞ்சம் அடக்குவார்கள். உடம்புக்கும் அதுதான் ஓய்வு. அன்று அந்த அவசியமே இல்லை. முதல் சுற்றிலிருந்து கடைசிவரை முழு வேகம். டயரைக் காப்பாற்ற எடுத்த முடிவு மனிதர்களை வாட்டியது.

எடைதான் எல்லாம்

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. 1984-ல் டல்லாஸ் பந்தயம், கிட்டத்தட்ட 38 டிகிரி வெப்பம். வெயிலுக்கு பயந்து காலையிலேயே நிகழ்ச்சிகளை ஆரம்பித்ததால், ஜாக் லஃபீட் பைஜாமாவோடு வந்து நின்றார்! நைஜல் மான்செல் பழுதான காரைக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே போய் மயங்கி விழுந்தார். ஜெயித்தவர் கேகே ரோஸ்பெர்க். அவர் தலையில் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் தொப்பி இருந்தது.

அப்புறம் ஏன் இத்தனை வருஷம் அது எல்லோருக்கும் வரவில்லை? எடை. காரில் 10 கிலோ கூடினால் சுற்றுக்கு 0.3 விநாடி போகும் என்பது பந்தய உலகின் தோராயக் கணக்கு. 5 கிலோ என்றால் 57 சுற்றில் 8 விநாடிக்கு மேல். சில இடங்களையே இழக்கிற நேரம் அது. குளிர்விக்கும் கருவியை 'வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால், எந்த அணி முதலில் வைக்கும்?

எஃப்.ஐ.ஏ. 2025-ல் கொண்டுவந்த விதி இந்த இடத்தில்தான் கை வைத்தது. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், 'வெப்ப அபாயம்' அறிவிக்கப்படும். பந்தயத்துக்கு எல்லா கார்களின் குறைந்தபட்ச எடையும் 5 கிலோ கூட்டப்படும். மெல்லிய குழாய்கள் வழியே குளிர்ந்த திரவம் ஓடும் உள்சட்டைக்கான கருவி காரில் இருக்க வேண்டும். சட்டையைப் போடாதவர் அதற்கு ஈடாக அரை கிலோ எடையைச் சுமக்க வேண்டும். அதாவது, போடாமல் இருப்பதில் லாபம் கிடையாது. எனக்கு இந்த விதியில் பிடித்ததே இதுதான்: ஓட்டுநரின் வீரத்தை நம்பாமல், தராசைச் சரிசெய்தார்கள்.

முதல் அறிவிப்பு 2025 அக்டோபரில் சிங்கப்பூர் பந்தயத்துக்கு வந்தது. எல்லோருக்கும் இதில் சம்மதம் இல்லை. குழாய்கள் சீட் பெல்ட்டுக்கு அடியில் உறுத்துகின்றன, இது ஓட்டுநரின் விருப்பமாகவே இருக்கட்டும் என்பது மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் வாதம். நடுவில் குளிர்விப்பு நின்றுபோனால், உடம்பின் மேல் சூடான திரவம்தான் சுற்றிவரும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. இரண்டும் நியாயமான குறைகள்தான். ஆனால், சரிசெய்ய வேண்டியது சட்டையை.

இதற்கிடையே சத்தமில்லாமல் இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது. கத்தார் பந்தயம் 2024-ல் டிசம்பர் 1-க்குப் போனது, 2025-ல் நவம்பர் 30. டயருக்கு 2025-லும் வரம்பு வைத்தார்கள், ஒரு செட்டுக்கு 25 சுற்று. ஆனால் இந்த முறை அக்டோபர் புழுக்கம் இல்லை.