ஏணி எப்போது வழுக்கும்?

பொங்கல் நெருங்கும்போது வீடுகளுக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொழிலாளி ஒருவர் சுவரில் ஏணியைச் சாத்துகிறார். முதல் படியில் ஏறி நின்று அசைத்துப் பார்க்கிறார். ஏணி நகரவில்லை. ‘உறுதியாக இருக்கிறது’ என்று நம்பி மேலே போகிறார். முக்கால் ஏணியைத் தாண்டியதும், அதுவரை அசையாமல் நின்ற ஏணியின் அடி திடீரென்று வழுக்குகிறது! ஏணி அதே ஏணி, தரை அதே தரை, ஏறியவரும் அவரே. அப்படியானால் எது மாறியது?

இதற்கு விடை காண, ஏணியின்மீது செயற்படும் விசைகளைப் பார்ப்போம். ஏணியின் எடையும் ஏறுபவரின் எடையும் கீழ்நோக்கிச் செயற்படுகின்றன. தரை ஏணியை மேல்நோக்கித் தாங்குகிறது. ஏணியின் தலை சுவரை அழுத்துவதால், சுவரும் ஏணியைத் திருப்பித் தள்ளுகிறது. இந்தத் தள்ளல்தான் ஏணியின் அடியைச் சுவரைவிட்டு விலக்கப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது தரையின் உராய்வு ஒன்றே. ஆகவே, சுவரின் தள்ளல் ஒரு பக்கம், தரையின் உராய்வு மறு பக்கம். இவற்றில் எது வெல்கிறது என்பதே கேள்வி.

முதலில் உராய்வை எடுத்துக்கொள்வோம். உராய்வின் உச்ச அளவு, தரையை அழுத்தும் எடையைப் பொறுத்தது. தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று. பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோந்தோன் 1699ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துரைத்தார். நமது ஏணியின் எடை 10 கிலோகிராம், தொழிலாளியின் எடை 60 கிலோகிராம் என்று கொள்வோம். தரையின் உராய்வுக் குணகம் 0.4 எனில், உராய்வு அதிகபட்சமாக 70 × 0.4 = 28 கிலோகிராம் எடை அளவுக்குத் தாங்கும். அவர் எந்தப் படியில் நின்றாலும் இந்த 28 மாறாது.

ஆனால், சுவரின் தள்ளல் அப்படியன்று. ஏணி 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடுகிறது. அதன் அடி சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் உராய்வே இல்லை எனவும் கொள்வோம். ஏணியின் அடியைப் பற்றித் திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், சுவரின் தள்ளல் × 4 = ஏணியின் எடை × 1 + தொழிலாளியின் எடை × அடியிலிருந்து அவர் நிற்கும் கிடைத்தூரம்.

அவர் அடியில் நிற்கும்போது கிடைத்தூரம் ஏறக்குறைய பூச்சியம். எனவே, சுவரின் தள்ளல் 10 ÷ 4 = 2.5 கிலோகிராம் எடைதான். உச்சியில் நின்றால் (10 + 120) ÷ 4 = 32.5! உராய்வால் தாங்க முடிந்ததோ 28. கணக்கிட்டுப் பார்த்தால், ஏணியில் நூற்றுக்கு 85 பங்கு ஏறியவுடன் தள்ளல் 28ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒரு படி வைத்தால் ஏணி வழுக்கும். கீழ்ப்படியில் நின்று செய்த சோதனை நம்மை ஏமாற்றுவது இப்படித்தான்.

இப்போது ஏணியின் அடியைச் சுவரிலிருந்து 1 மீட்டருக்கு நகர்த்துவோம். உச்சியில் நின்றாலும் தள்ளல் (5 + 60) ÷ 4 = 16.25 மட்டுமே. ஆபத்தில்லை. நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் விலகல் என்ற கட்டடத் தொழிலின் விதி இதுவே. அப்போது ஏணி தரையுடன் ஏறக்குறைய 75 பாகைக் கோணத்தில் நிற்கும். இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. ஏணியின் அடியில் கால்விரல்கள் படும்படி நேராக நின்று, கைகளை முன்னே நீட்டுங்கள். உள்ளங்கைகள் படியைத் தொட்டால் கோணம் சரி. இதைவிடச் செங்குத்தாக வைப்பதும் தவறு. ஏறுபவர் சற்றுப் பின்னால் சாய்ந்தாலும் ஏணி அவரோடு மல்லாந்துவிடும்.

விதி இருந்தாலும் தரையைக் கவனிக்க வேண்டும். வழவழப்பான தரையில் நீர் சிந்தி, உராய்வுக் குணகம் 0.2 ஆகக் குறைந்துவிட்டால் உராய்வு 14தான். சரியான கோணத்தில் சாத்திய ஏணியும் அப்போது வழுக்கும்.

அடிப்படியில் ஒருவர் மிதித்து நின்றால் என்ன ஆகும்? அவரும் 60 கிலோகிராம் என்றால், தரையை அழுத்தும் எடை 130 ஆகிறது; ஈரத்தரையிலும் உராய்வு 26 வரை தாங்கும். ஆனால், அவர் அடிக்கு மிக அருகே நிற்பதால் சுவரின் தள்ளல் 1 கிலோகிராம் எடை அளவுக்குத்தான் கூடுகிறது. ஒரே எடை உச்சியில் பகையாகிறது, அடியில் காவலாகிறது! இதைவிட மேலானது, ஏணியின் தலையை உறுதியான ஒன்றோடு கயிற்றால் கட்டிவிடுவது.

3.4 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒரு விநாடிக்குள் தரையை அடைகிறார். அப்போது அவரது வேகம் மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டர். சுதாரித்துக்கொள்ள நேரம் ஏது? எனவே, ஏறும்போது இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் ஏணியைப் பற்றியிருக்க வேண்டும். வாளியைக் கையில் பிடித்து ஏறாமல், மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம். எட்டாத இடத்துக்கு உடலைப் பக்கவாட்டில் வளைக்காமல், இறங்கி ஏணியை நகர்த்துவதே முறை. மின்கம்பிகளுக்கு அருகே அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே கூடாது.

மேசைமீதே நீங்கள் இதைச் சோதிக்கலாம். மர ஸ்கேல் ஒன்றைச் சுவரில் சாய்த்து, வழுக்குவதற்குச் சற்று முந்திய நிலையில் நிறுத்துங்கள். எலுமிச்சை அளவு களிமண்ணை அதன் அடிப்பகுதியில் ஒட்டுங்கள், ஸ்கேல் நிற்கும். அதே களிமண்ணை உச்சிக்கு அருகே மாற்றி ஒட்டிப் பாருங்கள்!

கடைசியாக ஒரு கணக்கு. அடி 2 மீட்டர் விலகி நின்ற நமது முதல் ஏணியின் அடியோடு சேர்த்து 20 கிலோகிராம் மணல் மூட்டையைக் கட்டினால், தொழிலாளி உச்சிவரை ஏறும்போது ஏணி வழுக்குமா? விடையை ஏணியில் அல்ல, தாளில் கண்டுபிடியுங்கள்.