வெம்ப்லியில் கோல், கையில் வேலை இல்லை: யார் இந்த அகின்ஃபென்வா?

2016 மே 30, லண்டன் வெம்ப்லி மைதானம். 'லீக் டூ' பிளே-ஆஃப் இறுதிப் போட்டி. பெயரில்தான் ரெண்டு; பிரீமியர் லீக்கிலிருந்து எண்ணினால் இது நாலாவது படி. கடைசி நேர பெனால்டியை அடபாயோ அகின்ஃபென்வா கோலாக்க, ஏஎஃப்சி விம்பிள்டன் 2-0 என பிளிமத்தை வீழ்த்தி மேல் லீக்குக்கு முன்னேறியது.

ஆட்டம் முடிந்ததும் டிவி பேட்டியில் அவர் சொன்னது: இப்போது எனக்கு வேலையில்லை, மேனேஜர்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிடலாம்!

சிரித்துக்கொண்டே சொன்னாலும் நிலைமை அதுதான். கீழ் லீக்குகளில் பலருக்கு ஒப்பந்தம் ஓரிரு வருடம்தான். ஜூன் 30 வந்தால் முடிந்தது. ஜெயித்துக் கொடுத்தாலும் புதுப்பிப்பார்கள் என்று உறுதி கிடையாது. 34 வயது, 100 கிலோவுக்கு மேல் எடை என்றால் கேட்கவே வேண்டாம். ஃபிஃபா கேமில் 'பலத்தில் நம்பர் ஒன்' என இவரைத் தேர்வு செய்து ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இளம் வயதில் லித்துவேனியாவில் ஆடப்போய், இனவெறிக் கூச்சலைத் தாங்கியவர் அவர். அதன்பிறகு கிளப் மாறி கிளப்.

வாட்ஸ்அப் வீண்போகவில்லை. வைகோம்ப் அணி சேர்த்துக்கொண்டது. 2020-ல், கொரோனாவால் ஆளில்லாத அதே வெம்ப்லியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என வென்று, 1887-ல் தொடங்கிய அந்த கிளப் முதல்முறையாக இரண்டாம் படியான 'சாம்பியன்ஷிப்'புக்குப் போனது. இந்தத் தடவை அவர் மெசேஜ் எதிர்பார்த்தது ஒருவரிடம் மட்டும்: தனக்குப் பிடித்த லிவர்பூல் அணியின் மேனேஜர் யூர்கன் கிளாப். கிளாப்பும் வாழ்த்து வீடியோ அனுப்பிவிட்டார்!

2022-ல், 40 வயதில் ஓய்வு.